தலைக்குத் தலை

லிஸ்பெத்தின் மாமியார் இறந்த பிறகுதான் தீசன் வீட்டு முன்னறைக் கதவு அவர்களுக்காகத் திறந்தது.

பிணத்தை அந்த அறையில்தான் கிடத்த வேண்டும், அந்த அறை வாசல் வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். வட ஜெர்மனியில் ஹோல்ஸ்டைன் பண்ணை வீடுகளில் அதுதான் வழக்கம். வீட்டுக்காரர் பிணமா, அகதிப் பிணமா என்று அது பார்ப்பதில்லை. பண்ணைக்காரி மெட்டா தீசன் இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். வெல்வெட் சோபாவின் மேல் போட்டிருந்த துணியைக்கூட விலக்கி வைத்தாள்.

லிஸ்பெத் கதவருகே நின்று பார்த்தாள். மேலே ஆப்பிள் கொட்டி வைக்கிற சாய்கூரை அறையில் அவளும் மாமியாரும் இரண்டு குளிர்காலம் ஓட்டியிருந்தார்கள். கிழவி இருமி இருமியே தேய்ந்து போனாள். அந்த இருமல் கீழே இந்தக் கதவு வரை கேட்டிருக்கும். உள்ளே கம்பளம், நிலைக்கண்ணாடி, பீங்கான் கணப்பு எல்லாம் இருந்தன. செத்த பிறகு படுக்க நல்ல இடம்.

"நல்ல இடமா கெடைச்சுது உங்க மாமியாருக்கு" என்றாள் மெட்டா. அவள் அதை அன்போடுதான் சொன்னாள். லிஸ்பெத்துக்கு எரிச்சலே அதனால்தான் வந்தது.

கிழவியின் மகன், லிஸ்பெத்தின் கணவன் எவால்ட், தாயின் காலடியில் நின்றான். அவன் அங்கே நிற்பது சட்டப்படி சாத்தியமே இல்லை. சட்டத்தின் கணக்கில் அவன் மக்டபர்க் பக்கம், போருக்குப் பின் ரஷ்யர் வசமான மண்டலத்தில், ஒரு சர்க்கரை ஆலைக் கொட்டடியில் இருந்தான்.

சைபீரியப் போர்க்கைதி முகாமிலிருந்து விடுவித்தபோது ரஷ்யர்கள் அவனிடம் ஊர் எது என்று கேட்டார்களாம். இவன் இன்ஸ்டர்பர்க் என்று பிறந்த ஊரின் பெயரைச் சொன்னான். அந்த ஊரே இப்போது ரஷ்யர்களிடம் இருந்தது, ஜெர்மானியர் யாரும் அங்கே திரும்ப முடியாது. வரிசையில் முன்னால் நின்றவர்கள் எல்லாம் ஹாம்பர்க், கீல், பிரேமன் என்று வாயில் வந்த மேற்கத்திய ஊரைச் சொல்லித் தப்பித்திருந்தார்கள். இவனை ஊரில்லாதவன் என்று எழுதி, கைக்கு எட்டிய இடத்தில் இறக்கிவிட்டார்கள். பிறகு செஞ்சிலுவை மூலம் மனைவியும் தாயும் இருக்கும் இடம் தெரிந்து, எல்லைக் காட்டுக்குள் பனியில் நடந்து வந்து சேர்ந்தான்.

"ஹாம்பர்க்னு சொல்லியிருக்கக் கூடாதா?" என்று வந்த அன்றே லிஸ்பெத் கேட்டாள்.

"நான் ஹாம்பர்க் பாத்ததே இல்லையே."

அதற்குமேல் அவனிடம் என்ன பேசுவது?

அனுமதி இல்லாததால் ரேஷன் கார்டு இல்லை. கார்டு இல்லாததால், அதிகாரிகளின் அகராதியில், அவனுக்கு வயிறும் இல்லை. மாட்டுக் கொட்டகையின் பரண்மேல் வைக்கோலில் படுத்தான். மெட்டா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். கலப்பை செப்பனிட, தொழுவத்துச் சாணி அள்ள, ஒரு தட்டு டர்னிப் கஞ்சிக்கு ஓர் ஆள் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? ஊரே பார்க்காத மாதிரிதான் இருந்தது. லிஸ்பெத் தன் ரொட்டியில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். "நீ சாப்பிட்டியா?" என்று கேட்பான். "ம்" என்பாள். உண்மை பேசும் வேலையை வீட்டில் ஒருவர் பார்த்தால் போதும்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை அவள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். குடியிருப்பு அதிகாரி ரோவர் கெட்டவர் இல்லை. அதுவும் ஓர் எரிச்சல்தான். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது வரலாம்.

"வாங்கம்மா. துக்கம் விசாரிக்கணும்னு இருந்தேன்."

"ஐயா, அத்தை இருந்த இடம் காலியாயிடுச்சு. அவங்க பையன் வரலாமில்லையா இப்ப? ஒருத்தர் போனாங்க, ஒருத்தர் வர்றாரு. தலை கூடலையே."

ரோவர் பேனாவைக் கீழே வைத்தார். "பையன் எங்க இருக்காரு?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே, பால் சேகரிப்பு நிலையத்துக்கு எதிரில், எவால்ட் தீசன் வீட்டு வண்டியிலிருந்து பால் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தான். ரோவரும் ஜன்னலைப் பார்த்தார். பிறகு இருவரும் மேசையைப் பார்த்தார்கள்.

"மக்டபர்க்ல" என்றாள்.

"அப்ப அங்கேர்ந்து மனு போடணும். அங்க இருக்கிற ரஷ்ய அதிகாரி போகலாம்னு சொல்லணும், இங்க இருக்கிற பிரிட்டிஷ் மேஜர் வரலாம்னு சொல்லணும். மேஜர் சொல்ல மாட்டாரு. இந்த மாவட்டம் மூடின மாவட்டம். வந்த ஜனம் இருந்த ஜனத்தை விட அதிகமாயிடுச்சு."

"எடம் இருக்கே ஐயா!"

"எடம் இருக்கு. அதனாலதான் கஷ்டம்." அவர் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "காலியான கட்டிலை நான் உடனே அகதி முகாமுக்குச் சொல்லியாகணும். ஏற்கெனவே இங்க வந்து முகாம் கொட்டகைல கெடக்கிறவங்களுக்குத்தான் மொதல் உரிமை. உங்க வீட்டுக்காரர் இன்னும் வரவே இல்லையே."

"வந்தா?"

"அனுமதி இல்லாம வர முடியாது."

"வந்துட்டார்னு வெச்சுக்குங்க."

"வெச்சுக்க முடியாதும்மா. வெச்சுக்கிட்டா நான் அவரைத் திருப்பி அனுப்பணும். அதனால நான் ஒண்ணையும் வெச்சுக்கலை." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் போலச் சொன்னார்: "ஒரே ஒரு வழி உண்டு. தலைக்குத் தலை. இங்கேர்ந்து ஒருத்தர் ரஷ்யாக்காரன் பக்கம் நிரந்தரமாப் போறேன்னு கையெழுத்துப் போட்டா, அங்கேர்ந்து ஒருத்தரை எடுத்துக்கலாம். ரெண்டு பக்கமும் ஒத்துக்குவாங்க. ஆனா யாரு போவா, சொல்லுங்க?"

யார் போவார்கள்? எல்லாரும் இந்தப் பக்கம்தான் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் லிஸ்பெத் தனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு வந்தாள். சண்டை போட அவளுக்கு வேறு ஆளில்லை.

அந்த வாரமே முகாமிலிருந்து ஆள் வந்துவிட்டாள். பொம்மெரானியா பக்கத்தில் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பாகன்கோப் அம்மா. கல்யாணம் ஆகாதவள். கைவண்டியில் ஒரு மூட்டையும் ஓர் இரும்பு அடுப்பும் கொண்டு வந்தாள். சிறு பீப்பாய் அளவுள்ள அந்த மாதிரி அடுப்பை அகதிகள் சூனியக்காரி என்பார்கள். சுள்ளி, காய்ந்த சதுப்புமண் கட்டி, பழைய செருப்பு என்று எதைப் போட்டாலும் தின்றுவிட்டுச் செக்கச் சிவந்து நிற்கும்.

பாகன்கோப் அம்மா அறையை ஒரு பார்வை பார்த்தாள். கிழவியின் கட்டிலில் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தாள்.

"யாரு செத்தா இதுல?"

"எங்க அத்தை."

"தொத்து வியாதியா?"

"இல்லை. குளிர்."

"அது தொத்தும்" என்றாள் கிழவி. "புகைபோக்கி எங்கே போகுது?"

சமையலறைப் புகைபோக்கி அந்த அறையின் உட்சுவர் வழியாகத்தான் மேலே போயிற்று. ஒரு துளை போட்டுக் குழாயைச் செருகினால் அடுப்பு எரியும். ஆனால் மெட்டா விடமாட்டாள். அதே புகைபோக்கி மேலே பரணில் ஒரு சின்ன அறைக்குள் போய்த்தான் வெளியேறியது, அங்கே அவளுடைய பன்றித் தொடைகள் புகையில் தொங்கின. "பீச் மரப் புகை படற எறைச்சிம்மா அது. உங்க செருப்புப் புகை அதுல படணுமா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

ஆகவே இருவரும் மெட்டாவின் சமையலறையில், மெட்டா சமைத்து முடித்து, பன்றிக்குத் தீனி வேகவைத்து முடித்த பிறகு, ஆறிப்போன அடுப்பில் சமைக்க வேண்டியிருந்தது. பாகன்கோப் அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. அவள் பொழுதெல்லாம் பேசினாள். மக்டபர்கில் பெண்டாட்டியை இழந்த அண்ணன் ஒருவன் இருப்பதாகவும், வா வா என்று கூப்பிடுவதாகவும், அவன் கஞ்சன், வாய் நாற்றம் பிடித்தவன், ஆனால் அவன் அறையில் சொந்தமாக ஒரு புகைபோக்கி இருக்கிறது என்றும் சொன்னாள்.

மக்டபர்க்! லிஸ்பெத் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"போகப் போறீங்களா?"

"ரஷ்யாக்காரன்கிட்டயா? எனக்கென்ன பைத்தியமா?"

கத்தி மறுபடி நகர்ந்தது.

அன்றிலிருந்து லிஸ்பெத்துக்கு அறைக்குள் இருப்பதே வேதனையாக இருந்தது. கேட்டுவிடலாமா என்று தினமும் நினைப்பாள். எப்படிக் கேட்பது? அறுபதைத் தாண்டிய ஒருத்தியை, ஒரு தடவை அந்தப் படையிடமிருந்து தப்பி வந்தவளை, திரும்ப அங்கேயே போ என்று? வாய் வரவில்லை. மனசு மட்டும் நிற்கவில்லை. சமையலறையில் மெட்டா கிழவியை விரட்டும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. கிழவி குளிரில் கைகளைத் தேய்க்கும்போது தன் போர்வையைக் கொடுக்கத் தோன்றியது, கொடுக்காமல் இருக்கவும் தோன்றியது. சில நாள் கொடுத்தாள். சில நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நல்லவளாகவும் இருக்க முடியவில்லை, கெட்டவளாகவும் இருக்க முடியவில்லை. சட்டம் அவளை இப்படி ஆக்கி வைத்திருந்தது. அல்லது அவள் எப்போதுமே இப்படித்தானா? அதைப் பற்றி நெடுநேரம் யோசிப்பாள். யோசித்து ஒன்றும் கிடைத்ததில்லை.

பாகன்கோப் அம்மா சும்மா இருக்கவில்லை. ரோவரிடம் போய் நின்றாள். வசிக்கிற அறையில் சமைக்க வழி செய்து தர வேண்டும் என்று ஜெர்மனியைப் பிடித்து ஆளும் நாலு நாட்டுத் தளபதிகளும் சேர்ந்து போட்ட சட்டத்திலேயே இருக்கிறது என்று முகாமில் யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ரோவர் பெருமூச்சு விட்டு உத்தரவு எழுதினார். தொழில் தெரிந்த அடுப்புக் கொத்தன்தான் துளை போட வேண்டும், தீப்பிடித்தால் ஊராட்சி பொறுப்பல்ல என்று ஒரு வரியும் சேர்த்தார்.

அந்த வட்டாரத்தில் அடுப்புக் கொத்தன் யாரும் மிஞ்சவில்லை. ஒரே ஒருவன் இருந்தான், அவனும் சட்டப்படி இல்லை. இன்ஸ்டர்பர்கில் எவால்ட் கட்டிய பீங்கான் கணப்புகள் எத்தனையோ வீட்டில் எரிந்தன.

கொட்டகையில் லிஸ்பெத் அவனிடம் சொன்னாள்: "நீ முடியாதுன்னு சொல்லிடு."

"ஏன்? ஒரு மத்தியான வேலை."

"எவால்ட், கொஞ்சம் யோசி. அடுப்பு எரிஞ்சா அவ இங்கயே ஒக்காந்துடுவா. எரியலைன்னா அண்ணன்கிட்ட போகலாம். அவ போனா நீ வரலாம். புரியுதா?"

அவன் யோசித்தான். மாடு ஒன்று மூச்சுவிட்டது. அவன் யோசிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு தண்டனை.

"குளிருதுன்னு சொல்றாங்களே" என்றான் கடைசியில். "அம்மாவுக்கும் இந்த ஓட்டையைப் போட்டிருக்கணும். நான்தான் தொழுவத்துல ஒளிஞ்சுகிட்டிருந்தேன்."

அவள் பால் வாளியை உதைத்தாள். காலி வாளிதான், ஆனாலும் சத்தம் பெரிதாக எழுந்தது.

அவன் துளை போட்டான். புகையறைக்கு அருகே ஒரு தகடு வைத்து, மெட்டாவின் இறைச்சிமேல் வேறு புகை படாதபடி தடுத்தும் கொடுத்தான். மெட்டா மேலே போய் முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கினாள். சூனியக்காரி எரிந்தது. கூரைச் சரிவில் படிந்திருந்த உறைபனி உருகிச் சொட்டியது. பாகன்கோப் அம்மா வறுத்த பார்லிக் காப்பி போட்டு லிஸ்பெத்துக்கும் ஒரு கோப்பை நீட்டினாள். நல்ல சூடு. குடிக்கக் குடிக்க லிஸ்பெத்துக்கு ஆத்திரமாக வந்தது.

வேலையைப் பார்வையிட ரோவர் வந்தார். கூடவே மெட்டாவும் படியேறி வந்தாள். ரோவர் குழாயைத் தட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார்.

"அருமையா இருக்கே! யார் வேலை?"

மூன்று பெண்களும் வாயைத் திறக்கவில்லை. லிஸ்பெத் அடுப்பைப் பார்த்தாள். மெட்டா தன் சாவிக்கொத்தைப் பார்த்தாள், கூலியில்லாத ஆளை இழக்க அவளுக்கு மனமில்லை. சதா பேசும் பாகன்கோப் அம்மாகூடக் கல்லுளிமங்கி மாதிரி உட்கார்ந்திருந்தாள். ரோவருக்கே தாம் கேட்டிருக்கக் கூடாது என்று உறைத்திருக்க வேண்டும். "சரி, சரி, இருக்கட்டும்" என்று திரும்பினார்.

அப்போது படியில் காலடி கேட்டது. எவால்ட் ஒரு வாளிக் களிமண்ணோடு வாசலில் வந்து நின்றான்.

"என் வேலைதாங்க. ஓரம் இன்னும் காயலை, தொட்டுடாதீங்க."

ரோவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்ப்பா" என்றார், அழுகிற குரலில். "குளிர்காலம் பூரா உன்னைப் பாக்காம இருந்தேனே. நீ பால் கேன் எறக்கறப்ப நான் என் கழுத்தை எத்தனை தடவை திருப்பியிருக்கேன் தெரியுமா? கழுத்து வலியே வந்துடுச்சு. இப்ப மூணு சாட்சி முன்னால நீயே வந்து சொல்றியே!"

"நீங்க கேட்டீங்களே" என்றான் எவால்ட்.

"வேலைக்காரனா, கிறுக்கனா!" என்று மெட்டா முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

ரோவர் எழுந்தார். வாரம் முடிவதற்குள் எவால்ட் தன் மண்டலத்துக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் மேஜர் ஆள் அனுப்பிப் பிடித்துச் சிறையில் போட்டுப் பிறகு அனுப்புவார் என்றார். சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எவால்ட் தலையாட்டினான், துளையின் ஓரத்துக்கு மீதி மண்ணைப் பூசி முடித்தான், வாளியை எடுத்துக்கொண்டு போனான்.

அறையில் இரண்டு பெண்களும் எதிரெதிர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பு முனகியது. அழுகை வரும் என்று லிஸ்பெத் நினைத்தாள். வாயைத் திறந்தபோது வார்த்தை வந்தது.

"நீங்க போங்க."

"என்ன?"

"உங்க அண்ணன்கிட்ட போங்க. நீங்க போனாதான் அவர் சட்டப்படி வர முடியும். தலைக்குத் தலை. எனக்காகப் போங்கன்னு கேக்கறேன். கேக்கறது தப்புன்னு தெரியும். கேக்காம இருந்து பாத்துட்டேன், முடியலை."

பாகன்கோப் அம்மா கோப்பையைத் தரையில் வைத்தாள்.

"அடி பாவிப் பெண்ணே, இப்பதான் வாயத் தொறக்கத் தோணிச்சா? வந்த நாள்லேர்ந்து என் கட்டிலைக் கண்ணாலயே அளந்துகிட்டிருக்கே. சவப்பெட்டிக்குத்தான் அளவு எடுக்கறாளோன்னு நெனச்சேன். சில நாள் போர்வை தர்ற, சில நாள் முதுகைக் காட்டற. டெலிபோன்ல இருந்த காலத்துல பேசறவங்களைத் தாங்கியிருக்கேன். பேசாதவங்களைத் தாங்க முடியலடி என்னால!"

"மன்னிச்சிடுங்கம்மா."

"மன்னிப்பை நீயே வெச்சுக்க." அவள் அடுப்புக் கதவைத் திறந்து ஒரு கட்டியைப் போட்டாள். "அடுப்பு எரியறப்பப் பாத்துக் கேக்கறே. நேத்துக் கேட்டிருந்தா, இந்த ஐஸ் பெட்டியை விட்டு ஓடறேன்னு சந்தோஷமாப் போயிருப்பேன்."

கிழவி காப்பியைச் சொட்டு விடாமல் குடித்து முடித்தாள். தன் சொந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, கையை நீட்டிக் குளிர் காய்ந்தாள். பொழுது சாயும் வரை அவள் பேசவே இல்லை. அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து லிஸ்பெத் பார்த்ததில்லை. கேட்டது தவறு என்று தீர்மானித்து, லிஸ்பெத் உருளைக்கிழங்கை எடுக்க எழுந்தாள்.

"கழுத்தளவு எருவுல நின்னுகிட்டு எனக்குத் துளை போட்டுக் கொடுத்திருக்கான்" என்றாள் கிழவி, யாரிடமோ சொல்வது போல. "இவன் அங்க ரஷ்யாக்காரன் பக்கம் திரிஞ்சா எங்கயாவது உண்மையைச் சொல்லி மறுபடி சைபீரியா போவான்." பிறகு லிஸ்பெத்தைத் திரும்பிப் பார்த்தாள். "போறேன். உனக்காக இல்லை, எங்கண்ணனுக்கும் வயசாச்சு. ஆனா அடுப்பு என்கூட வரும். அதை உன் புருஷன் தூக்கணும். அங்க அவனே மாட்டியும் கொடுக்கணும்."

ரோவர் இதைக் கேட்டபோது முதலில் நம்பவில்லை. நம்பியதும் நாற்காலியை விட்டு எழுந்து பாகன்கோப் அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேஜர் முத்திரை போட்டார். எல்லாம் ஆன பிறகு ஒரு விஷயம் மிச்சம் இருந்தது.

"இவர் அங்கேர்ந்துதான் வரணும்" என்றார் ரோவர். "இங்கேர்ந்து இங்கயே வர முடியாது. மொதல்ல போகணும். போய், அங்க வரிசைல நின்னு, பேரைக் கொடுத்து, சோதனைச் சாவடி வழியா வரணும்."

"போறதுக்கு அனுமதி?" என்று லிஸ்பெத் கேட்டாள்.

"இங்க இல்லாதவருக்குப் போறதுக்கு எப்படிம்மா அனுமதி தர்றது?"

"அப்ப திருட்டுத்தனமாப் போய், யோக்கியமா வரணும்."

"நான் அப்படிச் சொல்லலை" என்றார் ரோவர். "நீங்களும் சொல்லலை."

இங்கிருந்து போகும் தலையும் அங்கிருந்து வரும் தலையும் ஒரே ரயிலில் ஒரே திசையில் கிளம்பின. எல்லைக்கு முந்தைய நிலையத்தில் எவால்ட் இறங்கிக் காட்டுக்குள் நடப்பான், கிழவி அடுப்போடு சாவடி வழியாகப் போவாள், அந்தப் பக்கம் சந்திப்பார்கள். நடைமேடையில் அடுப்பை ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. லிஸ்பெத் புருஷனின் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.

"யாராவது ஏதாவது கேட்டா, வாயத் தொறக்காதே."

"கேட்டா?"

"இருமு."

பாகன்கோப் அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "கவலைப்படாதே. வழியெல்லாம் நான் பேசிக்கிறேன். இவனுக்கு வாய்ப்பே கெடைக்காது."

வண்டி போனது. லிஸ்பெத் வீட்டுக்கு வந்தாள். துளையில் கந்தலை அடைத்தாள். காலிக் கட்டிலின் மேல் தன் மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் பரப்பி வைத்தாள், முகாமிலிருந்து யாரையாவது கொண்டு வந்து நிறுத்திவிடப் போகிறார்களே என்று. வாசலில் காலடி கேட்டால் படி வரை வந்து எட்டிப் பார்ப்பாள். யாரும் வரவில்லை. அவனும் வரவில்லை. ஏப்ரல் போய் மே வந்தது. மெட்டாவின் வயலில் பீட்ரூட் களையெடுப்பு தொடங்கியது. மெட்டா, "ஆள் வருவானா மாட்டானா, கலப்பை கெடக்கே" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். யாரையும் திட்ட வழியில்லாமல் லிஸ்பெத் களையைத் திட்டினாள்.

ஒரு மத்தியானம் வரப்பில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது. மெலிந்திருந்தான். கையில் காகிதம் இருந்தது.

அவள் எழுந்து ஓடவில்லை. கையிலிருந்த களையை வீசிவிட்டு, மண்ணைப் பாவாடையில் துடைத்தாள்.

"சாவடில கேட்டாங்களா?"

"கேட்டாங்க. இருமினேன். காசநோயான்னு பயந்து ரெண்டு வாரம் தனியாப் பூட்டி வெச்சுட்டாங்க."

அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. அருகே போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

"அந்தம்மா?"

"அண்ணனோட சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. அடுப்பு நல்லா எரியுது." அவன் பீட்ரூட் வரிசைகளைப் பார்த்தான். "லிஸ்பெத், நேத்திலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை. ஏதாவது இருக்கா?"

"மொதல்ல ரோவர்கிட்ட போ. பேரைப் பதிவு பண்ணு, கார்டை வாங்கு."

"சாப்பிட்டுட்டுப் போறேனே."

"அவர் மேசையில இருக்கறப்பவே போ" என்றாள். அவன் காலரை விடாமல், அவளே அவனை இழுத்துக்கொண்டு ஊரைப் பார்க்க நடந்தாள்.